எனோஷிமாவுக்கு அலட்டிக்கொள்ளாமல் ஒரு நாள்: குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நாங்கள் இருப்பது டோக்கியோவின் கிழக்குப் பக்கம், நிஷிகசாயில். ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் மூன்றாம் நாளே "பக்கத்தில் ஏதாவது கோயிலுக்குப் போகலாமா" என்ற பேச்சு கிளம்பிவிடும். அப்போதெல்லாம் நாங்கள் கூட்டிப் போகிற இடம் எனோஷிமா. இதுவரை ஐந்து முறை போயாயிற்று. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை, முட்டிவலிக்கார மாமியாரோடு இரண்டு தடவை, மழையில் தொப்பலாக நனைந்து பாதியில் திரும்பியது ஒரு தடவை. புதிதாகப் போகிறவர்கள் முதல் நாள் ராத்திரி போன் போட்டுக் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

தீவு என்கிறீர்களே, படகில்தான் போக வேண்டுமா?

வேண்டாம். கனகாவா மாகாணம், ஃபுஜிசாவா நகரத்துக் கடற்கரையிலிருந்து பாலம் இருக்கிறது. நடப்பவர்களுக்கென்றே 389 மீட்டர் நீளத்தில் ஒன்று, ஒட்டினாற்போல் வண்டிகளுக்கு இன்னொன்று. தீவு சின்னது. சுற்றளவு சுமார் 4 கிலோமீட்டர், உயரம் 60 மீட்டர். கடல் நன்றாக வற்றும் நேரத்தில் பாலத்துக்குப் பக்கத்தில் மணல்திட்டு வெளியே தெரியும். பாலம் இல்லாத காலத்தில் யாத்திரை வந்தவர்கள் அந்த மணலில்தான் நடந்து போனார்கள்.

டோக்கியோவிலிருந்து எந்த ரயில்?

மூன்று வழி உண்டு. ஷின்ஜுகுவிலிருந்து ஒதாக்யூ ரயிலில் வந்தால் கடைசி நிறுத்தம் கதாசே-எனோஷிமா. கடலுக்கடியில் இருக்கும் நாகராஜன் அரண்மனை மாதிரி கட்டிய ஸ்டேஷன் அது. தீவுக்கு நடக்கிற தூரமும் இதிலிருந்துதான் குறைவு. எங்கள் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு டோக்கியோ ஸ்டேஷனில் தோகாய்தோ வண்டி பிடித்து ஃபுஜிசாவாவில் இறங்கி, எனோதென் என்ற குட்டி ரயிலில் மாறுவது சுலபம். 1902-இல் ஓட ஆரம்பித்த தடம். ஃபுஜிசாவாவிலிருந்து காமகுரா வரை மொத்தமே 10 கிலோமீட்டர், 15 ஸ்டேஷன். மூன்றாவது வழி, ஒஃபுனாவிலிருந்து தலைக்கு மேலே தண்டவாளத்தில் தொங்கிக்கொண்டு போகும் மோனோரயில், 14 நிமிடம். பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் போகும்போது மோனோரயில், வரும்போது எனோதென். பெரியவர்கள் மட்டும் என்றால் பேசாமல் ஒதாக்யூ.

மியாஜிமாவும் தீவுக் கோயில்தானே, அங்கே போனால் என்ன?

கடலுக்குள் சிவப்பு வாயில் நிற்கிற அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள். அழகான இடம்தான். ஆனால் அது ஹிரோஷிமா பக்கம். டோக்கியோவிலிருந்து ஹிரோஷிமாவுக்கே புல்லட் ரயிலில் ஏறக்குறைய 4 மணி நேரம், அதற்கு மேல் ஒரு ரயில், ஒரு படகு. ஒரே நாளில் போய்வந்தால் சாமி கும்பிட்ட ஞாபகத்தைவிட ரயிலில் தூங்கிய ஞாபகம்தான் மிஞ்சும்.

அங்கே இருப்பது நம் சரஸ்வதி என்கிறார்களே, உண்மையா? யாரோ இழுத்துக் கட்டிய கதையா?

உண்மைதான். பென்சாய்தென், சுருக்கமாக பென்தென் என்று ஜப்பானியர்கள் கும்பிடுவது சரஸ்வதியை. பௌத்தத்தோடு சீனா வழியாக இங்கே வந்து சேர்ந்தவள். பொன்னொளி சூத்திரம் என்ற பௌத்த நூலில் சரஸ்வதிக்குத் தனி அத்தியாயமே உண்டு. எட்டுக் கை வடிவம் அதிலிருந்து வந்தது. ரிக் வேதத்தில் சரஸ்வதி ஓர் ஆறு அல்லவா? இத்தனை தூரம் வந்தும் அவள் தண்ணீரை விடவில்லை. ஜப்பானில் பென்தென் கோயில் என்றால் பெரும்பாலும் குளத்துக்கு நடுவில், ஏரித் தீவில், கடலோரத்தில்தான் இருக்கும். உவேனோ பூங்காக் குளத்து நடுவில் இருப்பதும் அவள்தான். மூன்று பெரிய பென்தென் தலங்கள் என்று சொல்பவை மூன்றுமே தீவுகள்: பிவா ஏரியில் சிகுபுஷிமா, ஹிரோஷிமா பக்கத்து மியாஜிமா, அப்புறம் எனோஷிமா.

என் மாமியார் கும்பகோணத்துக்காரர். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். "நம்ம பக்கம் சரஸ்வதிக்குன்னு தனியா கோயில்னா கூத்தனூர்தான் வாயில வரும். இங்க தீவுக்குத் தீவு வச்சிருக்காளே" என்று அவர் சொன்னதை மறுக்க எனக்கு வழியில்லை.

ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். கோயிலின் மூன்று சன்னதிகளிலும் இப்போது இருப்பதாக எழுதி வைத்திருப்பது பென்தென் அல்ல, கடலைக் காக்கும் மூன்று அக்கா தங்கைத் தெய்வங்கள். முன்பு ஜப்பானின் சொந்த மதமான ஷிண்டோவின் சாமியும் பௌத்த சாமியும் ஒரே வளாகத்தில் கலந்து இருந்தார்கள். 1868-இல் மெய்ஜி அரசு இரண்டையும் பிரிக்கச் சொல்லி உத்தரவு போட்டது. தீவின் பௌத்த மடம் கலைந்தது, கோயில் ஷிண்டோ கோயிலானது. பென்தென் சிலைகள் இப்போது முதல் சன்னதிக்குப் பக்கத்தில் எண்கோண வடிவில் இருக்கும் சின்ன மண்டபத்தில் இருக்கின்றன. விவரம் தெரியாமல் பெரிய சன்னதியில் கும்பிட்டுவிட்டு, "சரஸ்வதியைக் காணோமே" என்று கீழே இறங்கிவிட்டவர்களை எனக்குத் தெரியும். எண்கோண மண்டபத்தைக் கேட்டு விசாரியுங்கள். நாங்கள் போனபோது உள்ளே போக 200 யென்.

அந்த மண்டபத்துக்குள் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

இதை யாரும் நேராகக் கேட்க மாட்டார்கள். போய்வந்த பிறகு "முன்னாலேயே சொல்லக்கூடாதா" என்பார்கள். அதனால் நானே சொல்கிறேன். உள்ளே இரண்டு பென்தென். ஒருத்திக்கு எட்டுக் கை, ஆயுதம் ஏந்தியவள். 1182-இல் மினமோதோ யோரிதோமோ என்ற படைத்தலைவர் எதிரியை ஜெயிக்க வேண்டி இந்தத் தீவில் பிரதிஷ்டை செய்யச் சொன்ன வழிபாட்டோடு அவளைச் சேர்த்துச் சொல்கிறார்கள். இன்னொருத்தி வெள்ளை நிறம், மடியில் பிவா என்ற நரம்பு வாத்தியம், உடம்பில் துணி கிடையாது. காமகுரா காலத்துச் சிலை, அதாவது 12-ஆம் நூற்றாண்டு முடிவிலிருந்து 14-ஆம் நூற்றாண்டு தொடக்கம் வரையிலான காலம். சங்கீதக்காரர்கள், கலைஞர்கள் எல்லாம் தேடி வந்து கும்பிட்டது இவளைத்தான்.

என் மகன் சத்தமாகவே கேட்டுவிட்டான், "பாட்டி, சாமி ஏன் சட்டை போடல?" எனக்கு வியர்த்தது. அத்தை சிலையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அபிஷேகம் ஆகறச்சே நம்ம ஊர் சாமி மட்டும் என்ன பட்டுப்புடவையா கட்டிண்டிருக்கும்? வீணையைப் பாரு, விரல் எப்படி வச்சிருக்கான்னு பாரு" என்றார். பையன் விரலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். இதைவிட நல்ல பதில் இதுவரை எனக்குக் கிடைக்கவில்லை. கூட்டிப் போங்கள்.

கும்பிடும் முறை என்ன? தேங்காய், பூ, கற்பூரம் எடுத்துப் போகலாமா?

எதுவும் வேண்டாம். அர்ச்சனை, தீபாராதனை, பிரசாதம் எதுவும் கிடையாது, செருப்பையும் கழற்ற வேண்டாம். வாயிலில் லேசாகத் தலை குனிந்துவிட்டு உள்ளே போங்கள். நடைபாதையின் நட்டநடுவே நடக்காதீர்கள், அது சாமி வரும் வழி என்பார்கள். தண்ணீர்த் தொட்டியில் இடது கை, வலது கை என்று கழுவிவிட்டு, இடது உள்ளங்கையில் தண்ணீர் ஊற்றி அதில் வாய் கொப்பளிக்க வேண்டும். கரண்டியில் நேராக வாய் வைக்கக் கூடாது. பிறகு காசு போட்டு, இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, கும்பிட்டு, கடைசியாக ஒரு முறை குனிவது. 5 யென் நாணயம் போடுவது வழக்கம். ஐந்து யென்னுக்கான "கோயென்" என்ற சொல், நல்ல தொடர்பு அமைவதற்கான சொல்லைப் போலவே ஒலிக்கும்.

முதல் சன்னதி பக்கத்தில் சின்னக் குளம் ஒன்று, வெள்ளை டிராகன் காவலோடு. கூடையில் காசைப் போட்டுக் கழுவினால் பணம் பெருகும் என்பது நம்பிக்கை. "லட்சுமி வேலையையும் சரஸ்வதியே பாக்கறாளா?" என்று அத்தை கேட்டார். பார்க்கிறாள்தான். பென்சாய்தென் என்ற பெயரில் "சாய்" முதலில் திறமையைக் குறிக்கும் எழுத்து. பின்னால் அதே ஒலி உள்ள செல்வத்தின் எழுத்தைப் போட்டு எழுத ஆரம்பித்துவிட்டார்கள். பேரில் ஓர் எழுத்து மாறியதில் இலாகாவும் கூடிவிட்டது.

தீட்டுப் பார்ப்பார்களா?

வீட்டில் சாவு நேர்ந்தால் 50 நாள் வரை ஷிண்டோ கோயில் வாயிலைத் தாண்டாமல் இருப்பது இவர்கள் வழக்கம். நம் வீடுகளில் இருப்பதற்கு ரொம்பத் தள்ளி இல்லை. மற்றபடி வாசலில் உங்களை யாரும் எதையும் கேட்கப் போவதில்லை.

முட்டிவலி இருக்கிறது. ஏற முடியுமா?

பதில் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். ஏறிவிடலாம், திரும்பி வருவதுதான் வேலை. எஸ்கார் என்று வெளிப்புற எஸ்கலேட்டர் வைத்திருக்கிறார்கள். 1959-இல் வந்தது, ஜப்பானிலேயே இந்த மாதிரி முதலாவது. மூன்று கட்டமாக 46 மீட்டர் உயரத்துக்கு ஐந்தே நிமிடத்தில் ஏற்றிவிடும். காசு கட்ட வேண்டும். முக்கியமான விஷயம், இது மேலே மட்டும்தான் போகும். இறங்குவதற்கு ஒன்றும் கிடையாது, படிதான். முட்டிவலிக்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் வதை என்பது இதைக் கட்டியவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

இன்னொன்று, தீவு ஒரே ஏற்றம் இல்லை. முதல் சன்னதி ஹெட்சுமியா. 1206-இல் ஏற்பட்டது. அதற்கு மேலே நகட்சுமியா, 853-இல் ஏற்பட்டதாகச் சொல்கிறார்கள். உச்சியில் தோட்டமும் சீ கேண்டில் என்ற கலங்கரை விளக்குக் கோபுரமும். அங்கிருந்து பாதை இறங்கி, ஏறி, மூன்றாவது சன்னதி ஒகுட்சுமியாவுக்குப் போகிறது. அப்புறம் செங்குத்தாகக் கடல் மட்டம் வரை இறக்கம், அங்கே பாறைத் தளம், குகைகள். குகை வரை இறங்கியவர் அந்தப் படியெல்லாம் திரும்ப ஏறித்தான் ஆக வேண்டும். கடல் அமைதியாக இருக்கும் நாளில் மட்டும் பாறைத் தளத்துக்கும் பாலத்துப் பக்கத்துக்கும் நடுவே சின்னப் படகு ஓடும். அது ஓடுகிறதா என்று காலையில் பாலத்தருகே கேட்டுக்கொண்டு போங்கள். ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு இறங்காதீர்கள். நாங்கள் அப்படி இறங்கினோம். அன்று அலை அதிகம், படகு இல்லை. அத்தை ஒவ்வொரு பத்துப் படிக்கும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி வந்தார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

அடுத்த முறை அவரே திட்டம் போட்டார். எஸ்காரில் ஒரு கட்டம், முதல் சன்னதி, எண்கோண மண்டபம். மறுபடி எஸ்கார், நகட்சுமியா. அந்தச் சிவப்பு சன்னதிக்குப் பக்கத்தில் மண்ணுக்கடியில் பானையைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். மேலே தண்ணீர் ஊற்றினால் சொட்டுச் சொட்டாக உள்ளே விழுந்து மணி மாதிரி ஒலிக்கும். அதைக் கேட்க வைத்திருக்கும் மூங்கில் குழாயில் காதை வைத்துக்கொண்டு அவர் எவ்வளவு நேரம் நின்றார் தெரியுமா? பின்னால் வரிசை சேர்ந்த பிறகுதான் நகர்ந்தார். பிறகு தோட்டத்தில் பெஞ்சு. சாமுவேல் காக்கிங் என்ற ஆங்கிலேய வியாபாரி 1880-களில் போட்ட தோட்டம், அவர் கட்டிய கண்ணாடிக் கூடத்தின் செங்கல் அடித்தளம் இன்னும் இருக்கிறது. நானும் அவரும் டீயோடு அங்கே உட்கார, கணவரும் பிள்ளைகளும் குகைக்குப் போய்விட்டு ஒன்றரை மணி நேரத்தில் வந்தார்கள். இதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது: குடும்பமே ஒரே இடத்துக்குப் போக வேண்டும் என்று சட்டமில்லை. எனோஷிமாவை இரண்டாகப் பிரிந்து பார்த்தால்தான் சண்டையில்லாமல் வீட்டுக்கு வரலாம்.

மூன்றாவது சன்னதியைப் பார்க்காமல் திரும்பினால் குறையா?

அங்கே கூரையின் உட்புறத்தில் ஆமை ஓவியம் ஒன்று, எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் நம்மையே பார்க்கும். முதலில் வரைந்தவர் சகாய் ஹோய்ட்சு என்ற ஓவியர். அதற்காகப் போகலாம். முடியவில்லையென்றால் கீழே நின்றே அந்தத் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுங்கள்.

ஸ்ட்ரோலர் தள்ளிக்கொண்டு போகலாமா?

பாலம், கடைத்தெரு வரை போகலாம். அதற்கு மேல் படி. குழந்தையை உடம்போடு கட்டிக்கொள்ளும் பட்டை கொண்டுபோங்கள்.

பிள்ளைகளுக்குச் சலிக்காதா?

கதை சொல்லிக்கொண்டு போனால் சலிக்காது. எதிர்க்கரை ஏரியில் ஐந்து தலை டிராகன் ஒன்று இருந்ததாம், ஊர்ப் பிள்ளைகளைத் தின்றுகொண்டு. 552-ஆம் ஆண்டு பூமி குலுங்கி, மேகம் மூடி, கடலிலிருந்து இந்தத் தீவு எழும்ப, வானத்திலிருந்து பென்தென் இறங்கினாள். டிராகன் அவள் அழகில் மயங்கிக் கல்யாணம் கேட்டது. பிள்ளைகளைத் தின்கிறவனோடு பேச்சே கிடையாது என்றாள். அது திருந்தி, கடைசியில் தீவைப் பார்த்தபடி ஒரு குன்றாகப் படுத்துவிட்டது. குகைக்குள் போகும்போது என் மகளுக்கு இந்தக் கதை முழுக்க ஞாபகம் வந்துவிட்டது, அப்பா கையை விடவே இல்லை. முதல் குகை 152 மீட்டர், இரண்டாவது 56. முதல் குகையில் ஆளுக்கொரு மெழுகுவர்த்தி கொடுப்பார்கள், கூரை தாழ்வு, உயரமானவர்கள் குனிந்தபடி போக வேண்டும். குகைக்கு முன்னால் இருக்கும் பாறைத் தளம் 1923 பெரும் பூகம்பத்தில் ஒரு மீட்டர் அளவுக்கு மேலே எழும்பியது. தீவு கடலிலிருந்து வந்த கதையைச் சொல்லிவிட்டு இதையும் காட்டினால் பிள்ளைகள் வாயைப் பிளக்கிறார்கள்.

முதல் சன்னதிக்கு ஏறும் வழியில் ஒரு கல்லையும் காட்டுங்கள். 17-ஆம் நூற்றாண்டில் சுகியாமா வைச்சி என்ற பார்வையற்ற அக்குபங்சர் மாணவர், தொழில் வரவில்லையே என்று இங்கே வந்து விரதமிருந்தாராம். திரும்பும்போது கல் தடுக்கி விழுந்தார். கையில் ஏதோ குத்தியது. தடவிப் பார்த்தால் சுருண்ட இலைக்குள் ஒரு பைன் ஊசி. ஊசியைக் குழாய்க்குள் வைத்துக் குத்தும் முறை அதிலிருந்து பிறந்தது என்கிறார்கள். இன்றும் ஜப்பானிய அக்குபங்சர்காரர்கள் அந்தக் குழாயைத்தான் வைத்திருக்கிறார்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

சிரமம். தீவின் பெருமையே ஷிராசு என்ற குட்டி மீன். சோற்றின் மேல், பீட்சாவின் மேல், ரொட்டிக்குள், எங்கும் அதுதான். ஆக்டோபஸை மாவோடு சேர்த்து இரும்புத் தட்டில் நசுக்கிக் காகிதம் போல் அப்பளமாக்கித் தருவதற்குத்தான் கடைத்தெருவில் நீளமான வரிசை. காய்கறி மட்டும் போட்ட நூடுல்ஸ் என்று தந்தாலும் சாறு மீனில் எடுத்ததாக இருக்கும். அசைவக்காரர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் பச்சை ஷிராசு ஜனவரியிலிருந்து மார்ச் முன்பாதி வரை கிடைக்காது, அப்போது பிடிக்கத் தடை. சைவக்காரர்களுக்கு உளுந்தூர்ப்பேட்டை ஸ்டாண்டில் பஸ் நின்ற கதைதான், கையில் இருப்பதைச் சாப்பிட வேண்டும். இனிப்பு மட்டும் தாராளம். சிவப்புப் பயறு பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்த மன்ஜு, கொழுக்கட்டைக்குப் பெரியப்பா பிள்ளை மாதிரி.

கட்டுசாதம் கொண்டுபோகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பருந்து. கடலோரத்தில் வட்டமடித்துக்கொண்டே இருக்கும், எச்சரிக்கைப் பலகையும் வைத்திருக்கிறார்கள். நாங்கள் பாறைத் தளத்தில் புளியோதரை டப்பாவைத் திறந்தோம். அத்தை மேலே பார்த்து, "கருடன்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் கை கன்னத்திலிருந்து இறங்குவதற்குள் பருந்து பின்பக்கமாக வந்து டப்பாவைத் தட்டிவிட்டு, வறுத்த அப்பளத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. சத்தமே இல்லை, முகத்தில் காற்று அடித்தது மட்டும்தான் தெரிந்தது. சுவருக்கோ மரத்துக்கோ முதுகைக் கொடுத்து, கூரைக்கு அடியில் சாப்பிடுங்கள். குப்பைத் தொட்டியைத் தேடாதீர்கள், ஒரு பை கொண்டுபோய் வீட்டுக்கே எடுத்து வாருங்கள்.

கணவன் மனைவி சேர்ந்து போனால் பென்தென் பொறாமைப்பட்டுப் பிரித்துவிடுவாளாமே?

அப்படி ஒரு பேச்சு உண்டு. அதே தீவில் ஜோடியாக அடிக்க ஒரு மணியும், பூட்டு மாட்ட வேலியும் வைத்திருக்கிறார்கள். எங்களுக்குள் சண்டை வந்தது டிக்கெட்டை யார் வைத்திருக்கிறார்கள் என்பதில்தான், அதற்கு அவளைக் குறை சொல்ல முடியாது.

எப்போது போவது நல்லது?

அக்டோபர். வெயிலும் தணிந்திருக்கும், கடற்கரைக் கூட்டமும் கலைந்திருக்கும். எங்கள் வீட்டில் சரஸ்வதி பூஜையை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை இதற்கென்றே. பூஜையில் வைத்த புத்தகத்தைத் தொடக் கூடாது என்பதால் பிள்ளைகளும் சந்தோஷமாகக் கிளம்புகிறார்கள். ஃபூஜி மலை பார்க்க வேண்டுமென்றால் குளிர்காலக் காலை நேரம். கோடையிலும் மே மாத முதல் வார விடுமுறையிலும் போகாதீர்கள், எனோதெனில் ஏறவே வரிசை நிற்கும். காற்று, அலை பலமாக இருந்தால் குகையை மூடிவிடுவார்கள். காலை 9 மணிக்குப் பாலத்தில் இருந்தால் மதியம் 2 மணிக்குத் திரும்பிவிடலாம்.

திரும்பும்போது பிள்ளைகள் நடக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டால்?

எனோதென் ஸ்டேஷனில் குருவி இருக்கிறது என்று சொல்லுங்கள். எனோஷிமா ஸ்டேஷன் வாசலில் வண்டி வராமல் தடுக்க நட்ட கம்பிகளின் மேல் சின்ன உலோகக் குருவிகள் உட்கார்ந்திருக்கும். அவற்றுக்குக் கம்பளி நூலில் சட்டை பின்னிப் போட்டிருக்கிறார்கள், பருவத்துக்கு ஒன்றாக மாற்றவும் செய்வார்கள். போன அக்டோபரில் என் மகன் பாலம் முடிகிற இடத்திலிருந்து அங்கே வரை ஓடினான். ஒவ்வொரு குருவியாக நின்று பார்த்துவிட்டுப் பாட்டியிடம் திரும்பி, "இதுங்கள்லாம் சட்டை போட்டிருக்கு" என்றான்.